ஒட்டுவது வேறு, வெட்டுவது வேறு

உலோகச் சேர்மங்கள் டி.என்.ஏ.வோடு பிணைவதையும் அதை வெட்டுவதையும் தலைப்பாக எடுத்துக்கொண்ட முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வு மாணவர்களே,

நம் ஊர்க் கனிம வேதியியல் ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் ஒரு வேலை வரிசை கிட்டத்தட்ட மரபாகவே ஆகிவிட்டது. புதிதாக ஓர் ஈனி, அதோடு ஓர் உலோகம், படிகம் கிடைத்தால் அமைப்பு. பிறகு கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வைச் சேர்த்து நிறமாலை, எத்திடியம் புரோமைடு இடப்பெயர்ச்சி, கடைசியில் பி.பி.ஆர்.322 பிளாஸ்மிடை வைத்து ஒரு ஜெல். ஜெல்லில் பட்டை இடம் மாறிவிட்டால் அத்தியாயம் முடிந்தது. முடிவுரையில் ஒரு வரி தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும்: பிணைப்பு மாறிலி அதிகம், ஆகவே வெட்டும் திறனும் அதிகம்.

இந்த மடல் அந்த ‘ஆகவே’யைப் பற்றியது. அது எங்கே பொய்க்கும், ஏன் பொய்க்கும் என்று காட்ட உலோகப் போர்பைரின்களைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது. வளையம் ஒன்றே, அதன் நான்கு கைகளும் ஒன்றே, மின்னூட்டமும் ஏறத்தாழ ஒன்றே. நடுவிலிருக்கும் உலோகத்தை மட்டும் மாற்றினால் டி.என்.ஏ.வில் அது போய் அமரும் இடம் மாறுகிறது, அமரும் விதம் மாறுகிறது, வெட்டுமா வெட்டாதா என்பதும் மாறுகிறது. மற்ற எல்லாவற்றையும் நிலையாக வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு வேதியியலில் இவ்வளவு சுத்தமாகக் கிடைப்பது அரிது.

கதை நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில், ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிறுவனத்தில் தொடங்குகிறது. ராபர்ட் ஃபீலும் அவரது குழுவினரும் 1979இல் ஒரு போர்பைரினை டி.என்.ஏ.வோடு சேர்த்துப் பார்த்தார்கள். அந்த மூலக்கூறை ஆய்வாளர்கள் சுருக்கமாக டிஎம்பைபி4 என்பார்கள். போர்பைரின் வளையத்தின் நான்கு மூலைகளிலும் மெத்தில் ஏற்றிய பிரிடின் வளையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நேர்மின்னூட்டம். டி.என்.ஏ.வின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்னூட்டம் கொண்ட பாஸ்பேட்டு என்பதால் இரண்டும் நெருங்குவதில் வியப்பில்லை. வியப்பு அடுத்ததில்தான். இவ்வளவு அகலமான வளையம் டி.என்.ஏ.வின் கார இணைகளுக்கு நடுவே நுழைந்துகொள்கிறது என்பதற்கான சான்றுகளை அவர்கள் முன்வைத்தார்கள்.

சாதாரண நிலையில் அடுத்தடுத்த கார இணைகளுக்கு இடையே உள்ள தூரம் 3.4 ஆங்ஸ்ட்ராம். நடுவே ஒரு மூலக்கூறு நுழைய வேண்டுமானால் அது ஏறத்தாழ இரு மடங்காக விரிய வேண்டும், சுருள் கொஞ்சம் அவிழ வேண்டும். லியோனார்ட் லெர்மன் 1961இல் அக்ரிடின் சாயங்களை வைத்து முன்மொழிந்த இடைச்செருகல் இதுதான். அக்ரிடின் சிறிய, தட்டையான மூலக்கூறு. டிஎம்பைபி4இலோ மூலைகளில் இருக்கும் பிரிடின் வளையங்கள் நடு வளையத்துக்கு ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கின்றன. அவை ஓரளவு திரும்பினால்தான் உள்ளே போக முடியும். மெத்தில் தொகுதியை வளையத்தின் கடைக்கோடியிலிருந்து நடு வளையத்தை ஒட்டிய இடத்துக்கு மாற்றிவிட்டால் திரும்ப இடமில்லை; அந்த மாற்றியம் இடைச்செருகுவதும் இல்லை. மூலக்கூறு வாய்பாடு அப்படியே இருக்கும், ஒரு மெத்திலின் இடம் மட்டும்தான் மாறியிருக்கும்.

உலோகங்களை வரிசையாக நிறுத்தி விசாரித்தவர்கள் ராபர்ட் பாஸ்டர்னாக், எஸ்தர் கிப்ஸ், அவர்களோடு ஜோசஃப் வில்லாஃபிராங்கா. 1983இல் வெளிவந்த அவர்களது ஆய்வுகள் போர்பைரின்களை இரண்டு அணியாகப் பிரித்தன. உலோகம் இல்லாத வளையம், தாமிரம், நிக்கல் ஆகியவை ஒரு பக்கம். இவை குவானின்–சைட்டோசின் இணைகள் உள்ள இடங்களில் நடுவே நுழைகின்றன. மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், துத்தநாகம் மறுபக்கம். இவை உள்ளே போவதில்லை. அடினின்–தைமின் இணைகள் அடுத்தடுத்து வரும் பகுதியில், சிறிய பள்ளத்தை ஒட்டி வெளியே அமர்கின்றன.

ஏன் இந்தப் பிரிவினை? தாமிரமும் நிக்கலும் வளையத்தின் நான்கு நைட்ரஜன்களோடு திருப்தியடைந்து தட்டையாக இருக்கக்கூடியவை. மாங்கனீசு, இரும்பு, கோபால்ட் ஆகிய மூன்றும் தளத்துக்கு மேலும் கீழும் ஒவ்வொரு நீர் மூலக்கூறைப் பிடித்துக்கொள்கின்றன. துத்தநாகம் ஒரு பக்கமாவது பிடித்துக்கொள்கிறது. தலையில் குடம் வைத்திருப்பவர் தாழ்ந்த நிலைப்படிக்குள் நுழைய முடியாத கதைதான். நிக்கல் இதில் இரண்டுங்கெட்டான்: நீரில் அதன் ஒரு பகுதி தட்டையாகவும் மறுபகுதி நீரைச் சுமந்தும் இருக்கும். டி.என்.ஏ.வைச் சேர்த்ததும் சமநிலை தட்டையான வடிவத்தின் பக்கம் சாய்கிறது.

இதைக் கண்டுபிடிக்க உதவிய கருவிகள் உங்கள் துறையிலேயே இருப்பவை. போர்பைரின்களுக்கு 400 நானோமீட்டரைத் தாண்டியதும் மிக வலுவான ஓர் உட்கவர் பட்டை உண்டு. இரத்தத்தில் அதைக் கண்ட ஜாக்-லூயி சோரெட்டின் பெயரால் சோரெட் பட்டை என்கிறார்கள். நடுவே நுழைந்தால் அந்தப் பட்டை 15 நானோமீட்டர் அல்லது அதற்கு மேல் சிவப்புப் பக்கம் நகரும், உயரமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். வெளியே அமர்ந்தால் நகர்வு 8 நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். இதைவிடத் தெளிவான சாட்சி வட்ட இருநிற நிறமாலை. போர்பைரினுக்கு இடம்புரி வலம்புரி கிடையாது. தனியாக இருக்கும்போது அது அந்தக் கருவியில் எதுவும் காட்டாது. டி.என்.ஏ.வோடு சேர்ந்ததும் சோரெட் பகுதியில் ஒரு குறி எழும். எதிர்க்குறி என்றால் இடைச்செருகல், நேர்க்குறி என்றால் வெளியே பள்ளத்தில், இரண்டும் கலந்து வந்தால் போர்பைரின்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

படிகங்களும் பேசின, ஆனால் பாடப்புத்தகப் படம் போல அல்ல. 1996இல் ஜார்ஜியா டெக்கில் லோரன் வில்லியம்ஸ் குழு, தாமிரப் போர்பைரினை ஆறு கார இணைகள் கொண்ட ஒரு துண்டோடு படிகமாக்கியது. வளையம் பாதிதான் உள்ளே போயிருந்தது. அதற்கு இடம் விட்டு ஒரு சைட்டோசின் தன் இணையைக் கைவிட்டு வெளியே புரண்டு கிடந்தது. 2000இல் ஸ்டீபன் நீடில் குழு நிக்கல் போர்பைரினின் படிகத்தை 0.9 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் தீர்த்தது. அங்கே வளையம் தட்டையாகவே இல்லை, நெளிந்திருந்தது. நடுவே நுழையவும் இல்லை. நிறமாலை ஒன்று சொல்ல, படிகம் வேறொன்று காட்டியது. கரைசலில் நீண்ட டி.என்.ஏ.வும் படிகத்தில் ஆறு இணைத் துண்டும் ஒன்றல்ல என்பதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இனி வெட்டுக்கு வருவோம்.

மிக நெருக்கமாக உள்ளே புகுந்துகொள்ளும் தாமிரப் போர்பைரின்தான் நன்றாக வெட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடந்தது தலைகீழ். ஃபீல் குழு 1982இலும், சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டப்ரோவியாக் குழு 1986இலும் வெளியிட்ட ஆய்வுகளில் இந்த வரிசை துலங்கியது. ஆக்சிஜனேற்றியோ ஒடுக்கியோ கூட இருக்கும்போது இழையை அறுத்தவை மாங்கனீசு, இரும்பு, கோபால்ட். வாசலுக்கு வெளியே நின்றவைதான் வெட்டின.

காரணம் உலோகத்தின் தலைக்கு மேல் இருக்கிறது. எந்த நீர் மூலக்கூறு மாங்கனீசை உள்ளே போக விடாமல் தடுத்ததோ, அதே இடத்தில்தான் வினைபுரியும் ஆக்சிஜன் வந்து உட்கார முடியும். உயர் ஆக்சிஜனேற்ற நிலையில் உலோக–ஆக்சோ தொகுதி உருவாக அந்த அச்சு இடம் வேண்டும், உலோகத்துக்கும் அதைத் தாங்கும் திராணி வேண்டும். மாங்கனீசுக்கும் இரும்புக்கும் அது உண்டு. தாமிரமும் நிக்கலும் போர்பைரினுக்குள் இருக்கும்போது அந்த நிலைக்குப் போவதில்லை. போதாக்குறைக்கு, நடுவே நுழைந்த உலோகத்தின் இருபுறமும் காரங்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. சர்க்கரையின் ஹைட்ரஜன்கள் அதன் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன.

இதற்காகத் தாமிரத்தின் மீது பழி போட்டுவிட வேண்டாம். 1979இல் லாஸ் ஏஞ்சலிஸில் டேவிட் சிக்மன் கண்டறிந்த முதல் வேதி நியூக்ளியேஸ் தாமிரமும் பீனந்த்ரோலினும் சேர்ந்ததுதான். அது சிறிய பள்ளத்தில் அமர்ந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு கூட இருந்தால் சர்க்கரையின் 1-பிரைம் கார்பனைத் தாக்கி இழையை அறுக்கிறது. அங்கே வெட்டுகிற தாமிரம் போர்பைரினுக்குள் வந்ததும் சும்மா இருந்துவிடுகிறது. வேறுபாடு அதைப் பிடித்திருக்கும் ஈனியிலும் அது அமர்ந்த இடத்திலும் இருக்கிறது.

மாங்கனீசுப் போர்பைரினின் கதையைக் கடைசி அணு வரை துரத்தியவர் பிரான்சின் துலூஸ் நகரத்து பெர்னார் மெனியே. அவரோடு ஜெனவியேவ் பிராத்வியேல், ஜான் பெர்னதூ உள்ளிட்டோர். ஆக்சோன் என்ற பெயரில் விற்கும் பொட்டாசியம் மோனோபெர்சல்பேட்டை ஆக்சிஜனேற்றியாகச் சேர்த்தபோது, நானோமோலார் அளவுச் செறிவிலேயே டி.என்.ஏ. அறுபட்டது. எங்கே? மூன்று ஏ–டி இணைகள் தொடர்ந்து வரும் இடத்தில், சிறிய பள்ளத்தின் பக்கமாக. எந்தக் கார்பனில்? பெரும்பாலும் சர்க்கரையின் 5-பிரைம் கார்பனில். எப்படித் தெரிந்தது என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

5-பிரைம் கார்பனில் ஹைட்ராக்சில் ஏறினால் இழை அறுந்து, ஒரு முனையில் பாஸ்பேட்டும் மறுமுனையில் ஆல்டிஹைடும் மிஞ்சும். அந்த ஆல்டிஹைடு முனையைச் சூடுபடுத்தினால் நீக்க வினைகள் அடுத்தடுத்து நடந்து சர்க்கரை முழுவதும் ஃபர்ஃபுராலாக வெளியேறும். ஃபர்ஃபுரால் சிறிய, நிலையான மூலக்கூறு. உயர்திறன் திரவ நிறப்பகுப்பியில் தனி உச்சமாக விழும். 1991இல் துலூஸ் குழு அதையே 5-பிரைம் தாக்குதலின் அடையாளமாக முன்வைத்தது. 1-பிரைம் கார்பன் தாக்கப்பட்டால் ஃபர்ஃபுராலுக்குப் பதிலாக மெத்திலீன் ஃபியூரனோன் என்ற வேறொரு விளைபொருள் கிடைக்கும். ஆக, எந்தக் கார்பன் தாக்கப்பட்டது என்பதை ஒரு நிறப்பகுப்பி ஓட்டம் சொல்லிவிடும்.

அதற்கடுத்த கேள்வி இன்னும் நுட்பமானது: ஏறிய ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது? ஆக்சிஜன்-18 குறியிட்ட நீரில் மாங்கனீசுப் போர்பைரினை வைத்து, ஒரு கரிம மூலக்கூறை ஆக்சிஜனேற்றம் செய்து பார்த்தார்கள். விளைபொருளில் பாதி ஆக்சிஜன் நீரிலிருந்தும் பாதி பெர்சல்பேட்டிலிருந்தும் வந்திருந்தது. வளையத்தின் ஒரு முகத்தில் ஆக்சோ, மறு முகத்தில் நீர். புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் இடம் மாறியதில் இரண்டு ஆக்சிஜன்களும் தங்களுக்குள் வேடம் மாற்றிக்கொண்டன என்பது 1994இல் அவர்கள் தந்த விளக்கம். மேலும் கீழும் இருந்த அந்த இரண்டு அச்சு இடங்களின் வேலை அப்போதுதான் முழுமையாக வெளிச்சத்துக்கு வந்தது.

இவ்வளவு பாடுபட்டதற்கு ஒரு பின்னணி உண்டு. ஜப்பானின் ஹமாவோ உமேசாவா 1966இல் உலகுக்கு அறிவித்த பிளியோமைசின், இரும்பைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனால் டி.என்.ஏ.வை அறுக்கும் மருந்து. விந்தகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் அதற்கு இடமுண்டு. அது 4-பிரைம் ஹைட்ரஜனைப் பறிக்கிறது என்பது தெரிந்திருந்ததால்தான் அதன் வினைவழியைப் படிப்படியாக எழுத முடிந்தது. உலோகப் போர்பைரின்கள் முதலில் அதற்கு மாதிரிகளாகத்தான் பார்க்கப்பட்டன. மாதிரி என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் எந்த ஹைட்ரஜன் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும்.

இப்போது உங்கள் ஜெல்லை அருகில் வைத்துப் பார்ப்போம். பி.பி.ஆர்.322 என்பது 4,361 கார இணைகள் கொண்ட வட்டம். மீச்சுருளாக இருக்கும்வரை அது ஜெல்லில் வேகமாக ஓடி முன்னே நிற்கும். அது வடிவம் ஒன்று. ஓர் இழையில் ஒரு வெட்டு விழுந்தாலே போதும், முறுக்கு முழுவதும் தளர்ந்து அகன்ற வட்டமாகிப் பின்தங்கும்; அது வடிவம் இரண்டு. இரண்டு இழையும் அறுந்து நீள்கோடானால் இரண்டுக்கும் நடுவே நிற்கும் வடிவம் மூன்று. புறஊதா விளக்கின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் இந்த மூன்று பட்டைகளும் பார்வைக்கு எளியவை, ஏமாற்றுவதிலும் கெட்டிக்காரர்கள்.

முதல் ஏமாற்று: பட்டை மங்கினால் வெட்டு என்று எழுதுவது. நான்கு நேர்மின்னூட்டம் கொண்ட போர்பைரின் அளவுக்கு மீறினால் டி.என்.ஏ.வின் மின்னூட்டத்தை ஈடுகட்டிவிடும்; டி.என்.ஏ. ஓடாமல் குழியிலேயே தேங்கும். நடுவே நுழையும் போர்பைரின் எத்திடியத்தை வெளியே தள்ளிவிட்டாலும், அதன் ஒளிர்வை அவித்துவிட்டாலும் பட்டை மங்கும். இரண்டிலும் ஓர் இழைகூட அறுபட்டிருக்காது. இரண்டாவது, எத்திடியம் மீச்சுருளில் குறைவாகவே ஏறும் என்பதால் திருத்தக் காரணி போடாத சதவீதங்கள் தவறாகவே வரும். மூன்றாவது, வடிவம் மூன்று எப்போது தோன்றுகிறது என்பது. வடிவம் ஒன்று இன்னும் மிச்சமிருக்கும்போதே தோன்றினால், இரு இழையையும் ஒரே இடத்தில் அறுக்கும் வழி இருக்கிறது என்று பேசலாம். ஒன்று முழுவதும் தீர்ந்தபிறகே தோன்றினால் தனித்தனி வெட்டுகள் சேர்ந்து சேர்ந்து எதிரெதிரே அமைந்துவிட்டன என்றுதான் பொருள்.

கரைப்பானையும் மறக்க வேண்டாம். சேர்மம் நீரில் கரையாது என்று டைமெத்தில் சல்பாக்சைடில் கரைத்துவிட்டு, ஹைட்ராக்சில் தனியுறுப்பு வெட்டவில்லை என்று நிறுவ அதே டைமெத்தில் சல்பாக்சைடைத் தனியுறுப்பு விழுங்கியாகவும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். டிரிஸ் தாங்கல் கரைசலும் தனியுறுப்புகளைத் தின்னும். ஆக்சோன் அளவு கூடினால் உலோகமே இல்லாமல் குவானினைத் தாக்கும். ஆக்சிஜனேற்றி மட்டும் உள்ள லேன், வெறும் உலோக உப்பு உள்ள லேன், உலோகம் இல்லாத போர்பைரின் லேன் ஆகிய மூன்றும் இல்லாத ஜெல் படம் பாதிப் படம்.

ஒளியில் வெட்டுவதற்குக் கணக்கே வேறு. அங்கே போர்பைரின் ஒளியை வாங்கி, மும்மை நிலைக்குப் போய், ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கொடுத்து ஒற்றை நிலை ஆக்சிஜனை உண்டாக்குகிறது. அது முதலில் குறிவைப்பது குவானினை. உலோகம் இல்லாத வளையமும் துத்தநாகப் போர்பைரினும் இந்த வேலையை நன்றாகச் செய்யும். தாமிரம், நிக்கல் போன்றவை கிளர்வு நிலையைச் சட்டென்று அணைத்துவிடும். ஒற்றை நிலை ஆக்சிஜன் நீரில் சில மைக்ரோ வினாடிகளே உயிர்வாழும். கனநீரில் அதைவிடப் பல மடங்கு. ஆகவே கனநீரில் வெட்டு கூடுகிறதா, சோடியம் அசைடு சேர்த்தால் குறைகிறதா என்ற இரண்டும் அடிப்படைச் சோதனைகள்.

ஒளிச்சிகிச்சையை முன்னுரையில் எழுதும்போது கொஞ்சம் நிதானம் தேவை. ராஸ்வெல் பார்க்கில் தாமஸ் டோஹெர்ட்டி வளர்த்தெடுத்த ஃபோட்டோஃப்ரின் 1993இல் கனடாவில் அனுமதி பெற்றது. அதில் உலோகமே கிடையாது, செல்லுக்குள் அது முதன்மையாகத் தாக்குவது சவ்வுகளையும் மைட்டோகாண்ட்ரியாவையும். பல்லேடியம் கொண்ட பேடெலிபோர்ஃபின் 2017இல் ஐரோப்பாவில் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அது வேலை செய்வது இரத்தக் குழாய்களில். டி.என்.ஏ. வெட்டுக்கும் இந்த வெற்றிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

தூய்மையைப் பற்றி ஒரு வழக்கு. எம்என்டிபிஏபி என்ற மாங்கனீசுப் போர்பைரின், சூப்பராக்சைடை அகற்றும் நொதியின் வேலையைச் செய்கிறது என்று நெடுங்காலம் ஆய்வுகளில் எடுத்தாளப்பட்டது. ட்யூக் பல்கலைக்கழகத்தில் இனெஸ் பாதினிச்-ஹபெர்லே குழு 2008இல் அதைத் தூய்மையாகச் செய்து பார்த்தது. தூய சேர்மத்துக்கு நீர்க்கரைசலில் அந்தத் திறன் இல்லை என்பது தெரிந்தது. அதே குழு வளர்த்த, நேர்மின்னூட்டம் கொண்ட மாங்கனீசுப் போர்பைரின்கள் உண்மையாகவே அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றில் பிஎம்எக்ஸ்-001, கதிர்வீச்சுச் சிகிச்சையின்போது நலமான திசுவைக் காக்குமா என்று மருத்துவச் சோதனைக்கே போயிருக்கிறது. துலூஸில் ஆக்சோனோடு சேர்ந்து டி.என்.ஏ.வை அறுத்த குடும்பத்தின் உறவினர்தான் இது.

இரட்டைச் சுருளோடு நின்றுவிட வேண்டியதும் இல்லை. மனிதக் குரோமோசோம் முனைகளில் டிடிஏஜிஜிஜி என்ற வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. அதில் நான்கு நான்கு குவானின்கள் ஒரே தளத்தில் சதுரமாகக் கூடி அடுக்கடுக்காக நிற்கும் அமைப்பு உருவாகும், ஜி-குவாட்ரப்ளெக்ஸ் என்கிறார்கள். அந்தச் சதுரத்தின் அளவும் போர்பைரின் வளையத்தின் அளவும் நன்றாகப் பொருந்தும். 1998இல் லாரன்ஸ் ஹர்லி குழு டிஎம்பைபி4 இதைப் பிடித்துக்கொண்டு டெலோமரேஸ் நொதியைத் தடுப்பதைக் காட்டியது. 2002இல் சி-மிக் மரபணுவின் முன்பகுதியில் உள்ள குவாட்ரப்ளெக்ஸிலும் இதே மூலக்கூறு அமர்ந்து மரபணு வெளிப்பாட்டைக் குறைத்தது. ஆனால் அது இரட்டைச் சுருளையும் ஏறத்தாழ அதே ஆசையோடு பிடிக்கும். பிணைப்பு மாறிலி பெரிதாக இருந்தும் தேர்வுத்திறன் இல்லை. 2007இல் துலூஸ் குழு மாங்கனீசுப் போர்பைரினுக்கு நீண்டு வளையும் நான்கு கைகளைப் பொருத்தியபோது குவாட்ரப்ளெக்ஸ் மீதான நாட்டம் இரட்டைச் சுருளைவிட 10,000 மடங்கு உயர்ந்தது.

1998இல் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் தீபங்கர் சென் குழு வேறொரு திசையில் போனது. இரும்புப் போர்பைரினான ஹெமின் குவாட்ரப்ளெக்ஸ் மீது அமர்ந்தால், அந்த ஜோடி பெராக்சிடேஸ் நொதி போல வேலை செய்யத் தொடங்குகிறது. ஏபிடிஎஸ் என்ற நிறமற்ற பொருளும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்தால் சிறிது நேரத்தில் குழாய் பச்சையாகிவிடும். டி.என்.ஏ. இங்கே வெட்டுபடும் பொருளாக இல்லாமல் உலோகத்தின் வினையை முடுக்கும் தாங்கியாகிறது. இன்று பல உயிர் உணரிகள் இந்தப் பச்சை நிறத்தை நம்பி இயங்குகின்றன. வெட்டு கிடைக்கவில்லை என்று மூலையில் வைத்த உங்கள் சேர்மத்துக்கு இப்படியொரு வேலை காத்திருக்கலாம்.

அடுத்த ஆய்வுக்குழுக் கூட்டத்துக்கு முன் மூன்று வேலைகளைச் செய்து முடிக்குமாறு இந்த மடல் உங்களைக் கேட்டுக்கொள்கிறது. பிணைப்பு மாறிலியின் பக்கத்தில் அமர்ந்த இடத்தையும் எழுதுங்கள். அதற்கு ஏ–டி மட்டும் கொண்ட செயற்கை டி.என்.ஏ.வும் ஜி–சி மட்டும் கொண்டதும் வாங்கி இருநிற நிறமாலை எடுத்தால் போதும். ஜெல்லில் கட்டுப்பாட்டு லேன்களை முழுமையாக ஓட்டுங்கள். வெட்டு உறுதியானால் விளைபொருளைச் சூடுபடுத்தி நிறப்பகுப்பியில் ஃபர்ஃபுரால் உச்சம் வருகிறதா என்று பாருங்கள்; உங்கள் துறையில் அந்தக் கருவி இல்லையென்றால் பக்கத்து மருந்தியல் கல்லூரியில் விசாரியுங்கள். உச்சம் வராவிட்டாலும் அதையும் அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்த்து அனுப்புங்கள். அடுத்து அதே சேர்மத்தைக் கையிலெடுக்கும் மாணவருக்கு எந்தக் கார்பனை விட்டுவிடலாம் என்பது அந்த வரியிலிருந்துதான் தெரியவரும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கும் ஒருவர்